எண்மாலை வந்த வழி

27994681 என்ற எண்ணை 441-ஆல் பெருக்க வேண்டும். கைபேசியைத் தொடாமல் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தால், மூன்று வரிசை எழுதிக் கூட்டினால் முடிந்துவிடும். விடை 12345654321. ஒன்றில் தொடங்கி ஆறு வரை ஏறி, ஏறிய படியிலேயே ஒன்றுக்கு இறங்குகிறது. இந்தப் பக்கமிருந்து படித்தாலும் அந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதே எண். புதிர்ப் புத்தகம் போடுகிறவர் யாரோ நேற்று யோசித்தது போலிருக்கும் இந்தக் கணக்குக்கு வயது ஆயிரத்து நூறுக்கு மேல். கன்னட நாட்டில் சமஸ்கிருதச் செய்யுளாகப் பிறந்து, கன்னட எழுத்திலும் நம் கிரந்த எழுத்திலும் ஏடேறி, சென்னையில் அச்சேறிய கணக்கு இது.

ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் 9-ஆம் நூற்றாண்டில் மான்யகேடத்திலிருந்து ஆண்டான். இன்றைய கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்து மல்கேட் அது. அவன் காலத்தில் வாழ்ந்த சமண அறிஞர் மகாவீராச்சாரியர், சுமார் 850-இல், ‘கணித சார சங்கிரகம்’ என்ற நூலை ஒன்பது அதிகாரங்களில் செய்தார். ஆரியபட்டரும் பிரம்மகுப்தரும் கணிதத்தை வான நூலின் ஓர் உறுப்பாக வைத்து எழுதியவர்கள். மகாவீரர் கோள்களை ஒதுக்கிவிட்டு, கணிதத்துக்கென்றே ஒரு முழு நூல் எழுதினார். அதில் பெருக்கலைக் கற்பிக்கும் பகுதியில்தான் மேலே சொன்ன கணக்கு வருகிறது. அது தனியாக வரவில்லை, ஒரு கூட்டமாக வருகிறது. 139-ஐ 109-ஆல் பெருக்கினால் 15151. 152207-ஐ 73-ஆல் பெருக்கினால் எட்டு ஒன்றுகள். 12345679-ஐ 9-ஆல் பெருக்கினால் ஒன்பது ஒன்றுகள். 333333666667-ஐ 33-ஆல் பெருக்கினால் 11000011000011. 142857143-ஐ ஏழால் பெருக்கினால் 1000000001. 11011011-ஐ 91-ஆல் பெருக்கினால் 1002002001. இந்த விடைகளைக் கழுத்தணி என்கிறார் மகாவீரர். கடைசியாகச் சொன்னது ஓர் இளவரசனுக்குத் தகுந்த அணியாம்.

எழுத்தில் இந்த வித்தையைத் தமிழர்கள் அதற்கும் இருநூறு ஆண்டு முன்பே அறிவார்கள். திருஞானசம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகம் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே பாடலாக நிற்கும். ஆகவே இருபுறமும் ஒத்துப் படிக்கிற எண்ணை மாலைமாற்று எண் என்றே இங்கே சொல்கிறேன்.

மகாவீரர் இந்த எண்களை எங்கிருந்து எடுத்தார்? முதல் கணக்கின் உள்ளே போனால் தெரிகிறது. 441 என்பது 21-இன் வர்க்கம். 27994681 என்பது 5291-இன் வர்க்கம். 21-ஐயும் 5291-ஐயும் பெருக்கினால் 111111. ஆக அவர் செய்தது இவ்வளவுதான்: ஆறு ஒன்றுகளை அதனாலேயே பெருக்கி, அந்தப் பெருக்கலை அடையாளம் தெரியாதபடி இரண்டு வேறு எண்களாகப் பிரித்து வைத்தார். 111111-ஐ 111111-ஆல் பெருக்குவதைத் தாளில் எழுதிப் பாருங்கள். ஆறு வரிசை, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஓரிடம் இடப்பக்கம் தள்ளி நிற்கும். வலது ஓரத்துப் பத்தியில் ஓர் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, நடுவில் ஆறு, அப்புறம் ஐந்து, நான்கு என்று குறையும். பத்தியிலுள்ள ஒன்றுகளை எண்ணுவதுதான் கூட்டல். எந்தப் பத்தியிலும் கூட்டுத்தொகை ஒன்பதைத் தாண்டவில்லை. ஆரம்பப் பள்ளியில் இனமாற்றம் என்று சொல்லித்தருவார்களே, “மனசுல ஒண்ணு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அடுத்த பத்திக்கு ஏற்றுவோமே, அது இங்கே நடப்பதில்லை. மாலை அறுபடாமல் நிற்பது அதனால்தான்.

ஒன்பது ஒன்றுகள் வரை இந்த அழகு தாங்கும்: 12345678987654321. பத்து ஒன்றுகளை எடுத்தால் நடுப்பத்தியில் பத்து வந்துவிடும், ஒன்றை ஏற்ற வேண்டியதாகும், விடை 1234567900987654321 என்று ஆகிவிடும். மாலைமாற்று போயிற்று. இந்த இனமாற்றம் என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இந்தக் குடும்பத்துப் புதிர்கள் எல்லாவற்றின் உள்ளேயும் போய்வரலாம்.

இளவரசனின் அணியும் அப்படியே. 91 என்பது 7 பெருக்கல் 13. 11011011 என்பது 11 பெருக்கல் 1001001. ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றையும் பெருக்கினால் 1001. ஆக உள்ளே நடப்பது 1001 பெருக்கல் 1001001, அதாவது இரண்டு வரிசைக் கூட்டல், எங்கும் இனமாற்றமில்லை. ஆனால் எட்டு ஒன்றுகளை 73 மீதியின்றி வகுக்கும் என்பது பார்த்தவுடன் தெரிகிற விஷயமல்ல. ஒன்றுகளை மட்டும் வரிசையாக எழுதி, அதன் காரணிகளை ஒருவர் பொறுமையாகத் தேடியிருக்க வேண்டும். எனக்கு மகாவீரர் மேல் உள்ள மதிப்பு அந்தத் தேடலால் வந்தது. மாணவன் பெருக்கப் பழகுவதற்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் போதும். அவனுக்கு முடிவில் ஒரு மகிழ்ச்சி இருக்க வேண்டும் என்று நினைத்து உழைத்த ஆசிரியர் அவர்.

மகிழ்ச்சி மட்டுமா? இந்த நூல் பல நூறு ஆண்டுகள் ஓலையில் பயணம் செய்தது என்பதை நினைத்தால் இன்னொரு பயனும் தெரிகிறது. அந்தக் காலத்து நூல்களில் எண்கள் பெரும்பாலும் செய்யுளுக்குள் சொற்களாக வரும். சந்திரன் என்றால் 1, கண் என்றால் 2, நெருப்பு என்றால் 3, வானம் என்றால் 0. ஒன்றாம் இடத்திலிருந்து இடப்பக்கமாக எழுதிக்கொண்டே போக வேண்டும். புதிதாகப் படிக்கிறவன் திசையை மாற்றி எழுதிவிட்டால் கணக்கே வேறாகும். 11011011-இல் அந்த ஆபத்து கிடையாது, அதுவே ஒரு மாலைமாற்று. அதைவிடப் பெரிய ஆபத்து ஓலைக்கு. பூச்சி அரிக்கும், ஏடு முறியும், பெயர்த்தெழுதுகிறவர் கண் அசரும். 27994681-இல் நடுவிலுள்ள 4 செல்லரித்துப் போனதாக வைத்துக்கொள்வோம். அங்கே 3 போட்டுப் பெருக்கினால் 12345213321 வரும், 5 போட்டால் 12346095321 வரும். இரண்டும் மாலை ஆகவில்லை. 4 போட்டால்தான் ஆகும். சாதாரணப் பெருக்கல் கணக்கில் ஓர் இலக்கம் தொலைந்தால் தொலைந்ததுதான். மாலைக் கணக்கோ தன் பிழையைத் தானே காட்டிக்கொடுத்து, தானே திருத்திக்கொள்ளும். மகாவீரர் இதை நினைத்துச் செய்தாரா என்று நூலில் சொல்லவில்லை. இது என் ஊகம். ஆனால் இந்த எண்கள் சிதையாமல் வந்து சேர்ந்ததற்கு அந்த அமைப்பு துணை செய்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

11-ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்த நூலைத் தெலுங்கில் பெயர்த்தார். வல்லபர் என்பவர் கன்னடத்தில் உரை எழுதினார். தென்னாட்டில் நெடுங்காலம் பாடமாக இருந்த நூல், பிறகு மெல்ல மெல்ல ஏட்டுக்கட்டுகளுக்குள் போய்விட்டது. மீண்டும் வெளியே வந்தது சென்னையில்.

மா. ரங்காச்சாரியார் சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியர். அந்தப் பதவியோடு அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் காப்பாட்சிப் பொறுப்பும் அவரிடம் வந்தது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த ஜி. எச். ஸ்டூவர்ட் அவரிடம் ஒரு வேலை சொன்னார்: உங்கள் பொறுப்பிலுள்ள சுவடிகளில் இந்தியக் கணித வரலாற்றுக்குப் புது வெளிச்சம் தரக்கூடிய நூல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் மொழிபெயர்ப்போடு பதிப்பியுங்கள். தேடியபோது கணித சார சங்கிரகத்தின் சுவடிகள் மூன்று கிடைத்தன. மூன்றும் குறைப் பிரதிகள். ஒன்று தாளில் கிரந்த எழுத்தில் இருந்தது, முதல் ஐந்து அதிகாரமும் சமஸ்கிருத உரையும் கொண்டது. மற்ற இரண்டும் கன்னட எழுத்தில் எழுதிய பனையோலைகள். ஒன்றில் முதல் ஐந்து அதிகாரம், இன்னொன்றில் பரப்பளவு பற்றிய ஏழாம் அதிகாரம். கன்னட ஏடுகளில், கணக்குகளுக்கு உரிய எண்களும் விடைகளும் கன்னடத்தில் குறித்து வைக்கப்பட்டிருந்தன.

பெருக்கல் பகுதி இரண்டாம் அதிகாரத்தில் இருப்பது. ஆகவே நூலின் பாதி காணாமல் போயிருந்த நிலையிலும், மாலைக் கணக்குகள் சென்னையில் இரண்டு எழுத்துகளில் காத்திருந்தன. கிரந்தம் நம் பக்கத்து எழுத்து. மான்யகேடத்துச் சமணர் செய்த கணக்கைக் கிரந்தம் பழகிய யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்தெழுதியிருக்கிறார். அவர் பெயர் நமக்கு வந்து சேரவில்லை, அவர் எழுதிய எண்கள் வந்து சேர்ந்தன.

குறைப் பிரதிகளை வைத்துக்கொண்டு பதிப்பிக்க முடியாது. மைசூர் கீழ்த்திசை நூலகத்திலிருந்து அதன் காப்பாட்சியர் அ. மகாதேவ சாஸ்திரி ஒரு முழுப் பிரதியை இரவலாகக் கொடுத்தார். அது ஒரு சமணப் பண்டிதரின் ஓலையிலிருந்து தாளில் பெயர்த்தது, பல இடங்களில் பிழை, ஆனால் முழு நூலும் வல்லபரின் கன்னட உரையும் அதில் இருந்தன. தென் கன்னடத்து மூடபித்ரி சமண மடத்து ஓலையிலிருந்து எடுத்த இன்னொரு பிரதியும் வந்தது. ஐந்து சுவடிகளையும் ஒப்பிட்டுப் பாடம் தீர்மானித்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, ஒவ்வொரு கணக்குக்கும் விடையைச் சரிபார்த்துக் குறிப்பெழுதினார் ரங்காச்சாரியார். இதற்குள் ஸ்டூவர்ட் காலமாகிவிட்டார். தூண்டியவர் பார்க்க முடியவில்லையே என்ற வருத்தத்தை ரங்காச்சாரியார் தம் முன்னுரையில் மறைக்கவில்லை. 1908-இல் ரோம் நகரில் நடந்த உலகக் கணித மாநாட்டில் டேவிட் யூஜீன் ஸ்மித் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்த நூலைப் பற்றி உரையாற்றினார். நூலுக்கு அறிமுகவுரையும் அவர்தான் எழுதினார். 1912-இல் சென்னை அரசு அச்சகம் புத்தகத்தை வெளியிட்டது. அதே 1912 மார்ச்சில்தான் ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

அச்சேறிய பிறகு மாலைக் கணக்குகள் உலகத்துக்குத் தெரிந்தன. ஆனால் அதே எண்கள் வேறொரு வழியிலும் வந்துகொண்டிருந்தன. தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேக்கர் 1905-இல் மகாராஷ்டிரத்தின் தகாணுவில் பிறந்தவர். நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியர். மேற்பட்டம் கிடையாது, எண்களின் மேல் தீராத பிரியம் மட்டும் இருந்தது. பம்பாயிலிருந்து சுமார் 30 மைல் தொலைவிலிருந்த டெம்லோ, இன்றைய டோம்பிவிலி, ரயில் நிலையத்தில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்ததாம். அதனால் 1, 121, 12321, 1234321 என்று போகும் எண்களுக்கும் அவற்றின் உறவுகளுக்கும் டெம்லோ எண்கள் என்றே பெயர் வைத்தார். அந்த வரிசையின் ஆறாவது எண் மகாவீரரின் 12345654321.

காப்ரேக்கரின் பெயரை உலகம் நினைவில் வைத்திருப்பது வேறோர் எண்ணுக்காக, 6174. நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள், நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையைக் கழியுங்கள். வருகிற விடையை மறுபடியும் அப்படியே செய்யுங்கள். ஏழு கழித்தலுக்குள் 6174 வந்து நிற்கும். அதன் பிறகு நகராது, 7641 கழித்தல் 1467 அதே 6174. இதை அவர் 1946-இல் கண்டார், அறிவித்தது 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில். மகாவீரரின் மாலையை அச்சில் ஏற்றிய ஊரே காப்ரேக்கர் எண்ணுக்கும் முதல் மேடை கொடுத்தது. இந்த ஆண்டுகளையே போட்டுப் பாருங்கள். 1912-ஐ எடுத்தால் 8082, 8532, 6174 என்று மூன்றே படியில் வந்துவிடும். 1949-ஐ எடுத்தால் 8442, 5994, 5355, 1998, 8082, 8532, 6174 என்று ஏழு படி நடக்க வேண்டும். அதற்குமேல் நீண்ட வழி எந்த எண்ணுக்கும் கிடையாது. காப்ரேக்கரை நம் நாட்டுக் கணித அறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை. 1975 மார்ச்சில் மார்ட்டின் கார்ட்னர் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய பிறகே பெயர் பரவியது.

அடுத்த கட்டம் கணினிகளுடையது. எந்த எண்ணையும் திருப்பிப்போட்டு அதனோடு கூட்டு, மாலைமாற்று வரும் வரை கூட்டிக்கொண்டே போ என்பது புதிர். பெரும்பாலும் சில படிகளில் வந்துவிடும். 89-ஐ எடுத்தால் 24 படி ஏறி 8813200023188-இல் போய் நிற்கும். 196-ஐ எடுத்தால் 887, 1675, 7436, 13783 என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஜான் வாக்கர் என்பவர் 1987-இல் ஒரு கணினியில் அதை ஓட்டவிட்டார். 1990-இல் எண் பத்து லட்சம் இலக்கத்தைத் தொட்டது, மாலை வரவில்லை. இனி வரவே வராது என்று நிரூபித்தவரும் இன்றுவரை இல்லை. காரணம் மகாவீரரின் கணக்கில் பார்த்த அதே இனமாற்றம்தான். பத்தியில் ஒன்பதைத் தாண்டாத வரை திருப்பிக் கூட்டினால் மாலைமாற்று வந்தே தீரும். தாண்டிவிட்டால் ஏறுகிற ஒன்று பெரும்பாலும் ஒத்திசைவைக் கலைத்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்டு நம் பக்கத்துக்கு வருவோம். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் போகிற பேருந்தின் தட எண் 515, அதுவே ஒரு மாலைமாற்று. அந்தத் தடத்து ஊர்களின் அஞ்சல் குறியீடுகளை எடுத்துத் திருப்பிக் கூட்டினேன். கேளம்பாக்கம் 603103. திருப்பினால் 301306. கூட்டினால் 904409, ஒரே படியில் மாலை. ஏனென்றால் ஆறும் மூன்றும் ஒன்பது, சைபரும் சைபரும் சைபர், மூன்றும் ஒன்றும் நான்கு, எங்கும் இனமாற்றமில்லை. திருப்போரூரின் 603110-உம் ஒரே படியில் 614416 ஆகிறது. தாம்பரத்தின் 600045-இல் ஆறும் ஐந்தும் சேர்ந்து பதினொன்றாகி முதல் படியைக் கெடுக்கிறது. 1140051 வந்து, அடுத்த படியில் 2640462 ஆகிச் சரியாகிறது. வண்டலூரின் 600048 இரண்டாம் படியில் 5940495. மாமல்லபுரத்தின் 603104 இரண்டாம் படியில் 1148411. பேருந்தில் உட்கார்ந்து ஒரு பிள்ளை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். கேட்கிற பிள்ளையிடம் இன்னொன்றும் சொல்லலாம்: 904409 பதினொன்றால் மீதியின்றி வகுபடும், ஈவு 82219. இரட்டைப்படை எண்ணிக்கையில் இலக்கம் கொண்ட எந்த மாலைமாற்று எண்ணும் பதினொன்றால் வகுபடும். ஏன் என்று அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

இந்த 603103 தான் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் முகவரியிலும் இருக்கிறது. சி. எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கி வளர்த்த நிறுவனம், 2005-இல் சிறுசேரி சிப்காட் வளாகத்துக்கு வந்தது. உப்பளமும் ஐடி கட்டடங்களும் அடுத்தடுத்து நிற்கும் கேளம்பாக்கத்திலிருந்து கொஞ்ச தூரம். நாட்டின் தேர்ந்த கணித மாணவர்கள் தேடி வருகிற இடம். மாலைமாற்று எண்கள் அவர்களைப் போன்றவர்களுக்கும் விளையாட்டல்ல. எந்த முழு எண்ணையும் மூன்றுக்கு மிகாத மாலைமாற்று எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று சியேருவேலோ, லூக்கா, பாக்ஸ்டர் மூவரும் நிரூபித்த கட்டுரை 2018-இல்தான் ஆய்விதழில் வெளியானது. கேளம்பாக்கத்துக்கும் அது பொருந்தும்: 602206, 888, 9. கூட்டிப் பாருங்கள்.

ரங்காச்சாரியார் பதிப்பித்த சுவடிகளின் நூலகம் இன்று கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையைப் பிடித்தால் நேரே கேளம்பாக்கம். இந்தச் சாலையின் இருபுறமும் எத்தனையோ பள்ளிகள். அங்கே பெருக்கல் சொல்லித்தருகிற ஆசிரியர்களிடம் எனக்கொரு வேண்டுகோள். பயிற்சிக் கணக்குகளோடு 27994681 பெருக்கல் 441 என்பதையும் கரும்பலகையில் எழுதுங்கள். மகாவீரர் பெயரையும் ரங்காச்சாரியார் பெயரையும் 1912 சென்னை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். விடை வந்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதோடு விட்டுவிடாமல், இந்த இரண்டு எண்ணும் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். 21-ஐயும் 5291-ஐயும் நீங்கள் சொல்லிவிட வேண்டாம். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும், அவர்களே கண்டுபிடித்து வந்து சொல்லட்டும்.